ஃபிளாஷ்பேக் வராத பயம்: ஜான் கார்பென்டரின் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

சென்னையில் பேய்ப் படம் பார்த்து வளர்ந்த யாருக்காவது அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ படத்தைப் போட்டுக் காட்டினால், முக்கால் மணி நேரத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். “அதெல்லாம் சரி, இவன் ஏன் கொல்றான்?”

நியாயமான கேள்வி. நம் படங்களில் பேய்க்கு ஒரு வழக்கு உண்டு. யாரோ ஏமாற்றியிருப்பார்கள், யாரோ நிலத்தைப் பிடுங்கியிருப்பார்கள். இரண்டாம் பாதியில் ஒரு ஃபிளாஷ்பேக் வந்து அந்த வழக்கை எடுத்துச் சொல்லும். அதன் பிறகு நாம் பேயின் பக்கம் போய்விடுவோம். பேய் இல்லாத கொலைப் படங்களிலும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். ‘ஹாலோவீன்’ வந்த அதே 1978-இல்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. அந்தக் கொலைகாரனுக்கும் சிறுவயதுக் கதை ஒன்று இருந்தது.

கார்பென்டர் அதைத் தர மாட்டார். ‘ஹாலோவீன்’ தொடங்குவதே கொலைகாரனின் சிறுவயதில்தான், ஆனால் அந்தக் காட்சியில் காரணம் என்று எதுவும் இருக்காது. ஆறு வயதுப் பையன், ஒரு கத்தி, அவ்வளவுதான். அந்தக் காரணமில்லாத இடத்தில்தான் கார்பென்டரின் பயம் குடியிருக்கிறது. பிறகு அடுத்தடுத்த பாகங்களை எடுத்தவர்கள் அந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்பப் பார்த்தார்கள். யார் எவ்வளவு நிரப்பினார்கள், அதனால் பயம் எவ்வளவு குறைந்தது என்று கவனித்துக்கொண்டே பார்த்தால் இந்தப் படங்கள் மேல் தனிப் பிரியம் வந்துவிடும். எனக்கு வந்தது அப்படித்தான்.

எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். முக்கியமான திருப்பங்களை உடைக்க மாட்டேன்.

முதலில் அறையைச் சரி செய்யுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கார்பென்டர் படங்களுக்கு இது பாதி வேலை.

அவர் அகலத்திரையில் யோசிக்கிறவர். ‘ஹாலோவீன்’ சுமார் 3 லட்சம் டாலர் செலவில் எடுத்த சின்னப் படம். அந்தச் சின்னப் படத்தையும் பனாவிஷன் அகலத்திரையில்தான் எடுத்தார். உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. நடுவில் ஒரு பெண் நடந்து போவாள், ஓரத்தில் ஒரு ஆள் நிற்பான். அந்த ஓரம்தான் படம். வீடியோ காசெட் காலத்தில் பழைய சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதிகளில் பார்த்தவர்கள் பலருக்கு அந்த ஆள் கண்ணில் படாமலே போயிருக்கிறான்.

அதனால் படத்தைப் போட்டதும் டிவியின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்க வேண்டும். படம் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றால் டிவியில் ஜூம் வசதி போட்டிருக்கிறது, அல்லது பிரதியே வெட்டுப்பட்டது. ஜூமை எடுத்துவிடுங்கள். அப்படியே டிவி அமைப்புகளுக்குள் போய் அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங் வகையறா எதுவும் இருந்தால் அதையும் அணையுங்கள். அது இருந்தால் 1978 படம் மத்தியானத்து சீரியல் மாதிரி தெரியும். கைபேசியில் மட்டும் பார்க்க வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் நண்பர் வீட்டு டிவிக்குப் போங்கள்.

வெளிச்சம். டியூப்லைட்டை அணைத்தால் போதாது. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தெருவிளக்கு நேராக ஹாலுக்குள் விழும். பால்கனித் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இந்தப் படங்களின் இருட்டுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது, அறை வெளிச்சமாக இருந்தால் திரையில் வெறும் கறுப்புதான் தெரியும்.

சத்தம்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். இந்தப் படங்களில் அமைதி நிறைய. மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் அந்த அமைதி கேட்காது. சித்திரை, வைகாசியில் விசிறியை அணைக்கச் சொன்னால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், எனவே அந்த மாதங்களில் காதை முழுக்க மூடும் ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது. மார்கழி, தை இரவுகள் இதற்கென்றே வந்தவை. விசிறி வேண்டாம், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். பதினோரு மணிக்கு மேல் பேருந்துச் சத்தமும் அடங்கியிருக்கும். தெரு நாய்கள் குரைத்தால் குரைக்கட்டும், படத்துக்கு அது ஒத்துப்போகும்.

மொழி. தமிழ் டப்பிங் கிடைத்தாலும் மூல ஆங்கிலத்தில் சப்டைட்டிலோடு பாருங்கள். இந்த இயக்குநரின் படத்தில் வசனம் குறைவு, மூச்சுச் சத்தமும் இசையும் அதிகம்.

எந்தப் பிரதி என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஹாலோவீன்’ திரையரங்குப் பிரதி 91 நிமிடம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகச் சில காட்சிகளைச் சேர்த்து நீட்டிய பிரதியும் உண்டு. அந்தக் காட்சிகள் முதல் படத்தின்போது எடுத்தவை இல்லை, இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எடுத்துச் சேர்த்தவை. அவற்றுள் ஒன்று, முதல் படம் சொல்லாமல் விட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 91 நிமிடப் பிரதியையே தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். இவை பெரியவர்களுக்கான படங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். யூடியூபில் பதினைந்து நிமிடத்தில் முழுக் கதையும் சொல்லும் வீடியோக்கள் கிடைக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். இந்தக் கதைகளைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்பது உண்மை. படம் மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

முதல் இரவு: ஹாலோவீன்

பார்க்கும் முன் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாததால் பயம் பாதியாகக் குறைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 31 இரவு ஹாலோவீன் கொண்டாட்டம். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அன்றைக்கு ஒருத்தன் முகமூடியோடு தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் பிள்ளை பார்த்துக்கொள்வது. பெற்றோர் இரவு வெளியே போகும்போது பள்ளிக்கூடம் படிக்கும் பெண் யாராவது சம்பளத்துக்கு வந்து அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். நம் ஊரில் அந்த இடத்தில் பாட்டி இருப்பார், சித்தி இருப்பார், எதிர்வீட்டு அக்கா இருப்பார். அங்கே பதினேழு வயதுப் பெண்ணும் ஒரு சின்னப் பையனும் மட்டும்.

மூன்றாவது, வீடுகள். காம்பவுண்டு சுவர் இல்லை, கேட் இல்லை, ஜன்னலில் கம்பி இல்லை. புல்வெளியைத் தாண்டினால் வாசல். வளசரவாக்கத்திலோ வேளச்சேரியிலோ நடுராத்திரியில் ஒரு பெண் “காப்பாத்துங்க” என்று கத்தினால் பத்து பால்கனியில் விளக்கு எரியும். இந்தப் படத்தில் அப்படி ஒரு கட்டம் வரும். பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், பிறகு அணையும். எனக்கு எந்தக் கத்தியையும்விட அந்த விளக்கு அணைவதுதான் பயம்.

கதை எளிமையானது. இல்லினாய் மாநிலத்தில் ஹாடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர். 1963-இல் ஆறு வயது மைக்கேல் மையர்ஸ் ஒரு கொலை செய்கிறான். பதினைந்து வருடம் மனநலக் காப்பகத்தில். 1978 ஹாலோவீனுக்கு முந்தின இரவு தப்பித்து ஊருக்குத் திரும்புகிறான். டொனால்ட் பிளசன்ஸ் நடிக்கும் டாக்டர் லூமிஸ் அவனைத் தேடி வருகிறார். ஜேமி லீ கர்ட்டிஸ் நடிக்கும் லாரி ஸ்ட்ரோட் என்ற பெண் அவன் கண்ணில் பட்டுவிடுகிறாள். டாக்டர் வந்ததும் நம் ஊர் ரசிகர் நிமிர்ந்து உட்காருவார், இனி விளக்கம் வரும் என்று. வராது. முதல் எட்டு வருடம் அவனை அணுக முயன்றேன், அடுத்த ஏழு வருடம் அவன் வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். படித்த மருத்துவரே கையை விரித்துவிடுகிறார்.

எதைக் கவனிப்பது? முதல் தடவை ஒன்றே ஒன்று போதும். பேசுகிறவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பாருங்கள். துணி காயும் கொடி, தெருமுனைப் புதர், வகுப்பறை ஜன்னல், இருட்டான வாசல். கார்பென்டர் பகல் வெளிச்சத்திலேயே பயமுறுத்துவார். முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தம் அனேகமாக இல்லை. முழுப் படத்திலுமே மிகக் குறைவு. அவன் நிற்கிறான், பார்க்கிறான், நீங்கள் மறுபடி பார்க்கும்போது அங்கே இல்லை. ஒருத்தன் கத்தியோடு ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் ‘ஸ்லாஷர்’ என்ற வகைக்கே வழி போட்ட படம் என்று சொல்வார்கள், வந்து பார்த்தால் இவ்வளவு பொறுமையான படமா என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஒளிப்பதிவாளர் டீன் கண்டியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் காட்சியில் கேமரா ஒரு வீட்டைச் சுற்றி, உள்ளே நுழைந்து, மாடியேறி, இறங்கி வெளியே வருவது அந்தக் காலத்துக்குப் புதிய பனாகிளைட் கருவியால் எடுத்தது; கேமராவை உடம்பில் மாட்டிக்கொண்டு ஆட்டமில்லாமல் நடக்க உதவும் கருவி அது. நீளமான அந்த நடையில் நாம் யார் கண்ணால் பார்க்கிறோம் என்று தெரியாமலே நடந்து கொண்டிருப்போம்.

சிக்கனத்தின் கதைகளும் இந்தப் படத்தில் அழகு. இலையுதிர் காலக் கதை, ஆனால் எடுத்தது கலிபோர்னியாவின் வசந்த காலத்தில், பெரும்பாலும் சவுத் பசடீனா பகுதியில். காகித இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த தெருவுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். மைக்கேலின் முகமூடி கடையில் வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி. கண் ஓட்டையைப் பெரிதாக்கி வெள்ளை அடித்தார்கள், அந்த வெறுமையான முகம் வந்துவிட்டது. அதைச் செய்தவர் டாமி லீ வாலஸ். அவர் பெயர் கீழே மறுபடி வரும். கதையை கார்பென்டரோடு சேர்ந்து எழுதித் தயாரித்தவர் டெப்ரா ஹில். லாரியும் அவளுடைய இரண்டு தோழிகளும் தெருவில் பேசிக்கொண்டு போவது அத்தனை இயல்பாக இருக்கிறது என்றால் அது அவர் கை.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். கடைசி நிமிடத்தில் ஆளில்லாத சில இடங்களை மட்டும் காட்டுவார், அதுவரை நாம் பார்த்துப் பழகிய இடங்கள். பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். முடிவு அதுதான்.

இசைக்குத் தனியாக ஒரு முறை

‘ஹாலோவீன்’ இசை கார்பென்டரே போட்டது. அவருடைய அப்பா இசைப் பேராசிரியர். மகனுக்குச் சின்ன வயதில் பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்தத் தாளம்தான் பின்னால் இந்தப் படத்தின் மைய இசையானது. இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஒரு ஸ்டுடியோ நிர்வாகிக்குக் கொஞ்சமும் பயமே வரவில்லையாம். இசை சேர்ந்த பிறகு அவரே மனம் மாறினார் என்று கார்பென்டர் சொல்லியிருக்கிறார்.

மயிலாப்பூர் சபாக்களில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. பியானோ தொடங்கியதும் “தகிட தகிட தகதிமி” என்று சொல்லிக்கொண்டே போங்கள். பத்து எழுத்தும் பத்து சுரத்தில் கச்சிதமாக உட்காரும். ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடை பழகிய காதுக்கு அந்த எண்ணிக்கை புதிதில்லை. நான்கில் முடியும் பாட்டுக்குப் பழகிய காதுதான் நொண்டி நொண்டி, கால் வைக்க இடம் தெரியாமல் பதறும். நமக்கு அந்தப் பதற்றம் கொஞ்சம் குறையலாம், ஆனால் கீழே அவர் போடும் கனமான சிந்தசைசர் சுரங்கள் தாளம் தெரிந்தவரையும் விடாது. எந்தக் காட்சியில் இந்த இசை வருகிறது, எங்கே வராமல் ஏமாற்றுகிறது என்று இரண்டாவது தடவை பார்க்கும்போது கவனியுங்கள்.

இயக்குநரே இசையமைப்பதில் சென்னைக்கு ஒரு முன்னோடி உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. வீணை எஸ். பாலசந்தர். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை 1954-இல் இயக்கியவர். 1970-இல் வந்த ‘நடு இரவில்’ படத்தைத் தயாரித்து, இயக்கி, இசையும் அவரே அமைத்தார். ஒரு பெரிய வீடு, உறவினர் கூட்டம், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ‘ஹாலோவீன்’ பார்த்த வாரத்திலேயே இதையும் பார்த்துவிடுங்கள். கார்பென்டருக்கு முன்பே ஒரு தமிழ் இசைக்கலைஞர் இருட்டையும் ஒலியையும் எப்படிச் சேர்த்தார் என்று தெரியும்.

அடுத்த படி: பனிமூட்டம், பிறகு பனி

உடனே இரண்டாம் பாகத்துக்கு ஓடாதீர்கள். கார்பென்டரின் இன்னும் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு வந்தால், தொடர் பாகங்களில் எது அவர் கை, எது வேறு கை என்று தானாகத் தெரியும்.

1980-இல் வந்த ‘தி ஃபாக்’. நம் ஊர்ப் பேய்ப் பட ரசிகர்களுக்கு இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். ஏனென்றால் இதில் பேய்க்கு வழக்கு இருக்கிறது. கடலோரச் சிற்றூர் ஒன்று தன் நூறாவது ஆண்டைக் கொண்டாடப் போகிறது. நூறு வருடம் முன்பு அங்கே ஒரு கப்பலுக்குச் செய்த துரோகம் பனிமூட்டமாகத் திரும்பி வருகிறது. ஃபிளாஷ்பேக் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, முதல் காட்சியிலேயே ஒரு முதியவர் நள்ளிரவுக்குச் சற்று முன் கடற்கரையில் நெருப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவிடுவார். கலங்கரை விளக்கத்தில் தனியாக உட்கார்ந்து வானொலி நிகழ்ச்சி நடத்தும் பெண் ஒருத்தி, மூட்டம் எந்தத் தெருவுக்கு வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த யோசனை ஒன்றே போதும். மெரினா கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். ஜேமி லீ கர்ட்டிஸும் அவருடைய அம்மா ஜேனட் லீயும் இந்தப் படத்தில் இருக்கிறார்கள். படம் முழுமையானது என்று சொல்ல மாட்டேன், நடுவில் தளரும். ஆனால் மூட்டம் கதவடியில் நுழையும் காட்சிகளுக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

பிறகு 1982-இல் வந்த ‘தி திங்’. இவருடைய ஆகச் சிறந்த படம் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. அண்டார்டிகாவில் ஒரு அமெரிக்க ஆய்வு முகாம், பன்னிரண்டு ஆண்கள், வெளியே உறைபனி. வேற்றுக்கிரக உயிர் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. அது யாரை வேண்டுமானாலும் தின்று, அவரைப் போலவே ஆகிவிடும். அதே முகம், அதே குரல். யார் மனிதர், யார் அது?

முன்னெச்சரிக்கை: ராப் பாட்டின் உருவாக்கிய உடல் சிதைவுக் காட்சிகள் கடுமையானவை. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், கணினி வரைகலை இல்லாமல் ரப்பரும் ரசாயனமும் கம்பியும் வைத்து அதைச் செய்தார். நாய் வளர்ப்பவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு காட்சி மிகக் கஷ்டமாக இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

அந்தச் சதைக் காட்சிகள்தான் பேர் வாங்கின, ஆனால் படத்தைப் பிடித்து நிறுத்துவது சந்தேகம். இதில் இசை எனியோ மோரிகோனே, கார்பென்டர் பாணியிலேயே ஒரே துடிப்பை வைத்து மிரட்டியிருப்பார். ரத்தத்தைச் சோதிக்கும் காட்சி வரும்போது கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பயத்தை எப்படிக் கட்டுவது என்று படிக்கிறவர்களுக்கு அது ஒரு முழுப் பாடம். இந்தப் படம் வெளியானபோது ஓடவில்லை, விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இரண்டு வாரம் முன்னால் அன்பான வேற்றுக்கிரகவாசியோடு ‘ஈ.டி.’ வந்திருந்தது. 1982 ஜூன் 25, ‘பிளேடு ரன்னர்’ வெளியான அதே நாளில் இதுவும் வந்தது. இரண்டுமே அன்று தோற்று, பிறகு தலைமுறை தலைமுறையாக ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டன. கார்பென்டர் இங்கேயும் கடைசிப் பதிலைத் தர மாட்டார். முடிவு பற்றி நண்பர்களோடு சண்டை போடலாம், போட வேண்டும்.

தொடர் பாகங்கள்: எங்கே கிளை பிரிகிறது

‘ஹாலோவீன்’ என்ற பெயரில் இதுவரை 13 படங்கள். எண் வரிசையில் பார்க்க உட்கார்ந்தால் குழம்பிப்போவீர்கள், ஏனென்றால் இது ஒரே கதை இல்லை. ஒரு பாகம் வரும், இரண்டு பாகம் தள்ளி வருகிறவர் அதை நடக்கவே இல்லை என்று அழித்துவிட்டு வேறு பக்கம் போவார். அதனால் கிளை கிளையாகப் பாருங்கள்.

முதலில் ‘ஹாலோவீன் 2’, 1981. இயக்கம் ரிக் ரோசன்தால், எழுத்து கார்பென்டரும் டெப்ரா ஹில்லும். முதல் படம் முடிந்த அதே நொடியில் தொடங்கி அதே இரவில் ஒரு மருத்துவமனையில் நடக்கிறது. டீன் கண்டியே ஒளிப்பதிவு என்பதால் இருட்டு அதே இருட்டு. நீளமான காலி வராந்தாக்கள் அருமை. ஆனால் இதற்குள் மற்ற ஸ்லாஷர் படங்கள் வந்து ரத்தத்தைக் கூட்டிவிட்டன, இதிலும் கூடியது. அதைவிட முக்கியம், மைக்கேல் ஏன் லாரியைத் துரத்துகிறான் என்பதற்கு இந்தப் பாகம் ஒரு காரணம் சொல்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன். கேட்ட நொடியில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். நிம்மதி தோன்றினால், அந்த நிம்மதிதான் இழப்பு. அதுவரை யாருக்கும் நடந்திருக்கக்கூடிய ஒன்று, அந்த நொடியில் ஒரு குடும்ப விவகாரமாகிவிடுகிறது. எழுதியது கார்பென்டரேதான் என்றாலும் என் கருத்து மாறாது.

இங்கிருந்து முதல் கிளை: 4, 5, 6. நான்காம் பாகம் 1988-இல் வந்தது. தயாரிப்பாளர் முஸ்தஃபா அக்காட் மைக்கேலைத் திரும்பக் கொண்டுவந்தார். டேனியல் ஹாரிஸ் என்ற சிறுமியின் நடிப்புக்காகவே பார்க்கலாம், அந்தப் பயம் நடிப்பு மாதிரியே இருக்காது. கடைசிக் காட்சி தைரியமானது. மறு வருடம் வந்த ஐந்தாம் பாகம் அந்தத் தைரியத்திலிருந்து பின்வாங்கிவிட்டது, அதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1995-இல் வந்த ஆறாம் பாகத்தில் விளக்கம் எல்லை மீறிப் போய் சாபம், ரகசியக் கூட்டம் என்று நிற்கிறது. டொனால்ட் பிளசன்ஸ் அந்தப் படம் வெளிவரும் முன்பே காலமானார், அவருக்கு மரியாதையாக வேண்டுமானால் பார்க்கலாம். புதியவர்கள் நான்கோடு நிறுத்திக்கொண்டால் நஷ்டமில்லை.

இரண்டாவது கிளை: 1, 2, அப்புறம் நேராக 1998-இல் வந்த ‘ஹாலோவீன் எச்20’. இருபது வருடம் கழித்து லாரி வேறு பெயரில் கலிபோர்னியாவில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத படம், இறுதியில் ஜேமி லீ கர்ட்டிஸ் திரும்பி நிற்கும் தருணத்தில் கைதட்டத் தோன்றும். அதோடு எழுந்துவிடுங்கள். அடுத்து வந்த 2002 படம் அந்த முடிவைக் கலைத்துவிடுகிறது.

மூன்றாவது கிளைதான் நான் புதியவர்களுக்குச் சொல்வது: 1978 படம், அடுத்ததாக 2018 படம். டேவிட் கோர்டன் கிரீன் இயக்கிய 2018 படம் இடையில் வந்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, முதல் படத்தின் இரவிலிருந்து 40 வருடம் தாண்டி வந்து நிற்கிறது. இரண்டாம் பாகம் சொன்ன அந்தக் காரணத்தை ஒரு பாத்திரம், அது யாரோ கட்டிவிட்ட கதை என்று சொல்லித் தாண்டிப் போகும். அந்த ஒரு வசனத்தில் மைக்கேல் மறுபடியும் காரணமில்லாதவன் ஆகிறான். கார்பென்டர் தன் மகன் கோடி கார்பென்டரோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து இதற்கு இசை அமைத்தார். பழைய தாளம் புதிய கனத்தோடு வரும்போது உடம்பு சிலிர்க்கும். அடுத்து வந்த 2021 படம் ஊர் முழுக்கக் கும்பலாகத் திரண்டு கத்துவதிலேயே களைத்துப்போகிறது. 2022 படம் ரசிகர்களைக் கோபப்படுத்தியது. நான் அதன் பக்கம் நிற்கிறேன், பழையதையே திரும்பச் செய்யாமல் வேறு ஒரு இளைஞனின் கதைக்குப் போனது நேர்மையான முயற்சி.

ராப் ஸோம்பி என்ற இயக்குநர் 2007-இலும் 2009-இலும் எடுத்த இரண்டும் தனிக் கிளை. அவர் மைக்கேலின் சிறுவயதுக்கு முழு ஃபிளாஷ்பேக் கொடுத்தார். மோசமான வீடு, மோசமான அப்பா இடத்து ஆள், எல்லாம் உண்டு. முதல் பத்தியில் வந்த அந்தக் கேள்விக்கு முழு விடை வேண்டும் என்கிறவர்கள் பார்க்கலாம். அந்தச் சிறுவன் மேல் பரிதாபம் வரும். முகமூடி போட்ட பிறகு அவன் பலசாலி, அவ்வளவுதான்.

மூன்றாம் பாகத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். 1982-இல் வந்த ‘ஹாலோவீன் 3’ படத்தில் மைக்கேல் இல்லை. வருடம் ஒரு புதுக் கதை எடுக்கலாம், ஹாலோவீன் இரவு மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்பது கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் போட்ட திட்டம். முகமூடிக்கு வெள்ளை அடித்த அதே டாமி லீ வாலஸ் இயக்கினார். முகமூடி செய்யும் கம்பெனி ஒன்று நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு விற்கிறது, டிவியில் விளம்பரம் ஓயாமல் ஓடுகிறது. விளம்பரப் பாட்டின் மெட்டு, எல்.கே.ஜி.யில் நாம் எல்லோரும் பாடிய ‘லண்டன் பிரிட்ஜ்’ மெட்டு. பார்த்த பிறகு வாரக்கணக்கில் காதை விட்டுப் போகாது. மைக்கேலை எதிர்பார்த்து வந்த அன்றைய கூட்டம் கோபித்துக்கொண்டது. எதிர்பார்ப்பில்லாமல் தனிப் படமாகப் பார்த்தால் தொடரிலேயே விசித்திரமான, கசப்பான படம் இது. கண்டியின் ஒளிப்பதிவு, கார்பென்டரும் ஆலன் ஹோவர்த்தும் போட்ட குளிர்ந்த இசை. நண்பர்களைக் கூட்டி வைத்துப் பார்க்க இதுதான் நல்ல தேர்வு.

மீதிப் படங்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகு வரிசை தேவையில்லை, சுவைக்கு ஏற்ப எடுக்கலாம். கார் ஒன்று பொறாமைக்காரியாக மாறும் ‘கிறிஸ்டின்’, 1983, ஸ்டீபன் கிங் நாவலிலிருந்து. அறிவியலும் இறைநம்பிக்கையும் ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறையில் மோதும் ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’, 1987. இதற்குப் பொறுமை வேண்டும், கொடுத்தால் வட்டியோடு திரும்பக் கொடுக்கும். விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும் கறுப்புக் கண்ணாடியின் கதை ‘தே லிவ்’, 1988. பயப் படம் இல்லை, ஆனால் பார்த்துவிட்டு அண்ணா சாலையில் போகும்போது பேனர்களைப் பழைய மாதிரி பார்க்க முடியாது.

‘இன் தி மவுத் ஆஃப் மேட்னஸ்’, 1994, சாம் நீல் நடித்தது. காணாமல் போன திகில் எழுத்தாளர் ஒருவரைத் தேடிப் போகும் காப்பீட்டுத் துப்பறிவாளர், அந்த எழுத்தாளரின் கற்பனை ஊருக்குள்ளேயே போய்ச் சேருகிறார். ‘தி திங்’, ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’, இது மூன்றையும் கார்பென்டர் தன் உலக அழிவு முத்தொகுதி என்று சொல்வார். எனவே அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

2001-இல் வந்த ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மார்ஸ்’, 2010-இல் வந்த ‘தி வார்ட்’ இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. அதற்கு முன்னால் அவர் 2015-இல் வெளியிட்ட ‘லாஸ்ட் தீம்ஸ்’ இசைத் தொகுப்பைக் கேளுங்கள். எடுக்கப்படாத படங்களுக்கான இசை மாதிரி இருக்கும், படத்தை நீங்களே ஓட்டிக்கொள்ளலாம். வாகனம் ஓட்டும்போது மட்டும் வேண்டாம், வேகம் தன்னையறியாமல் கூடிவிடும்.